பதினெட்டு வெள்ளி பாக்கி

சிரிக்காதீர்கள் என்றேன்.
அதற்கே நான்கு பேரும் சிரித்தார்கள்.
ஐ.சி. படத்துக்கு வந்தவர்கள் இல்லை,
கேசட் அட்டைக்கு வந்தவர்கள்.
பீடோங் கடைத்தெருவில் அன்று
என் ஸ்டூடியோவில் மட்டும்தான் மின்விசிறி ஓடியது.

குணசீலன் நாக்கை நீட்டினான்.
ஆரோக்கியநாதன் கித்தாரைத்
துடைப்பம் போலப் பிடித்துக்கொண்டான்.
அப்பளநாயுடு,
பெயரைச் சொன்னாலே கூட்டம் விழுந்துவிடும் என்று தெரிந்தவன்,
முகத்தை மட்டும் கல்லாக்கி நின்றான்.
செங்கோடன் தலையில் பால்வாளி.
வாளியில் ஓட்டை.
ஓட்டைக்குள் ஒரு கண்.

ஓட்டை வாளி: அதுதான் குழுவின் பெயர்.

முதல் மேடை தீமிதித் திருவிழாவில்.
பட்டிமன்றத்துக்கு நடுவர் வந்து சேராத இடைவெளியில்
பால் நிறுக்கும் கிராணியின்
கட்டைவிரலைப் பற்றிப் பாடினார்கள்.
எத்தனை கிலோ அந்த விரல், எத்தனை குடும்பம் அதன் அடியில்.
கிராணி முன்வரிசையில் இருந்தார்.
சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே,
எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

பிறகு துரை வீட்டு நாயின் குளியலறை.
பிறகு பதினோரு வீட்டுக்கு ஒரே குழாய்.
சத்தம் என்றால் அப்படியொரு சத்தம்,
கோயில் புறாக்கள் செம்பனைக்குக் குடிபோயின.

கடைசிப் பாட்டில் எப்போதும் செத்து விழுவார்கள்.
விளக்கு அணையும்.
கூட்டம் மூச்சைப் பிடித்திருந்து
'ஓவர்டைம்!' என்று கத்தும்.
நான்கு பிணமும் பதறி எழுந்து
சப்பாத்தைத் தேடும்.

தைப்பிங், ஈப்போ, கிள்ளான்.
ஞாயிற்றுக்கிழமை வானொலி.
மீன்கடையிலும் கேசட் விற்றது, செதிலோடு.
காசு வந்தது. பழைய டட்சன் வேன் வந்தது.
வேனின் பிரேக்கைப் பற்றி ஒரு பாட்டும் வந்தது.
'அக்கா, படக்காசு அடுத்த வாரம்'
என்பான் குணசீலன்.
புகழ் வந்த பிறகும் அடுத்த வாரம்தான்.

பீடோர் தாண்டி, விடிகாலை மூன்றே முக்கால்,
மரம் ஏற்றிய லோரி.

செய்தி வந்தபோது மாமாக் கடையில் பாதிப்பேர் சிரித்தார்கள்.
அடுத்த கேசட்டுக்கு விளம்பரம் என்றார்கள்.
போலீஸ்காரர் இரண்டு தடவை சொன்னார்.
மூன்றாம் தடவை
தொப்பியைக் கழற்றினார்.

பத்திரிகைக்குப் படம் கேட்டார்கள்.
சிரிக்காத படம் ஒன்றுகூட இல்லை.
இருட்டறையில் அட்டைப்படத்தை நாலாகப் பிரித்தேன்.
குணசீலனின் நாக்கை என்ன செய்தும் மறைக்க முடியவில்லை.
அப்பளநாயுடு ஒருவன்தான்
சாவுக்குப் பொருத்தமாக இருந்தான்.
செங்கோடனுக்கு
வாளியோடு மாலை போட்டார்கள்.

பள்ளித் திடலில் மூன்று பெட்டி.
நாலாவதை மாதா கோயிலிலிருந்து
பாதரிடம் கேட்டு
ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.
தப்பு அடிப்பவர்கள் கை ஓய்ந்து
பீடி பற்றவைத்த நேரம்,
பின்னாலிருந்து ஒரு குரல்:

'ஓவர்டைம்!'

கிராணிதான்.
வேட்டி புழுதியில் இழுபட, கண்ணாடி நனைந்து.
யாரும் அவரை அடக்கவில்லை.
இன்னொரு முறை கத்தினார்.
பெட்டிகளைப் பார்த்தோம்.
நிஜமாகவே பார்த்தோம்,
முந்நூறு பேரும்.

பிறகு யாரோ தீப்பெட்டி உரசும் சத்தம்.

வருடா வருடம் புதுக் கணக்குப் புத்தகம் போடும்போது
அந்த வரியையும் இறக்கி எழுதுகிறேன்:
ஓ. வாளி, அட்டைப்படம், 18 வெள்ளி, பாக்கி.
குணசீலனின் அண்ணன் ஒருநாள்
இரண்டு பத்து வெள்ளித் தாளோடு வந்து நின்றார்.
வாங்கவில்லை.
அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்
என்றேன்.